ஒரே இழையில் முப்பத்திரண்டு வீடுகள்

கண்டியின் கட்டுகஸ்தோட்டையிலோ அம்பிட்டியவிலோ பைபர் இணைப்புள்ள ஒரு வீட்டில் யாரோ படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே கணத்தில் அடுத்த வீட்டாரின் வங்கிக் கொடுக்கல் வாங்கலும், எதிர்வீட்டுப் பிள்ளையின் ஒன்லைன் வகுப்பும், கீழ்வீட்டாருக்குக் கனடாவிலிருந்து வந்த வீடியோ அழைப்பும் இந்த வீட்டுச் சுவரில் பொருத்திய சிறு வெள்ளைப் பெட்டிக்குள் ஒளியாக வந்து விழுகின்றன. இது கோளாறு அல்ல. அந்த வலையமைப்பு வேலை செய்யும் விதமே இதுதான். அயலவரின் ஒளியை வழியிலேயே மறிக்கும் கருவி எதுவும் இல்லை. ஆனாலும் அயலவரின் கணக்கு மீதி இந்த வீட்டுத் திரையில் ஒருநாளும் தோன்றுவதில்லை. ஏன் என்று கேட்டால், வீட்டுக்கு வீடு தனிக் கம்பி வருகிறதே என்பார்கள் பலர். அந்த விடை இப்போது பிழை. அது சரியாக இருந்த காலத்தில் நமது தொடர்புகள் இன்றைவிடப் பாதுகாப்புக் குறைந்தவையாகவே இருந்தன. அயலவரால் கேட்க முடியும் என்று ஒப்புக்கொண்டு கட்டிய இடங்களில் பிரிப்பு உறுதியாக நிற்கிறது. அவரால் எப்படிக் கேட்க முடியும் என்று நம்பிக் கட்டிய இடங்களில் அது தளர்ந்து கிடக்கிறது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டு வைஃபை வரைக்கும் ஒவ்வொரு படியிலும் இதைக் காணலாம்.

வீட்டுக்கு வரும் பைபரில் ஓடுவது பெரும்பாலும் ஜிபொன் எனப்படும் தொழில்நுட்பம். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2003 முதல் வெளியிட்ட ஜி.984 நியமங்களின்படி அது இயங்குகிறது. தொலைபேசி நிலையத்திலுள்ள கருவியிலிருந்து ஒரே ஒரு கண்ணாடி இழை புறப்படும். வீதியோரத்தில் அது ஸ்பிளிட்டர் எனும் சிறு பெட்டிக்குள் நுழைந்து 32 ஆகவோ 64 ஆகவோ பிரியும். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை, அதற்குள் கணினியும் இல்லை. வந்த ஒளியைப் பங்கிட்டு எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புவதே அதன் முழு வேலை. எந்தத் தகவல் யாருக்கு என்று பார்க்க அதற்குத் தெரியாது. 32 கிளைகள் என்றால் ஒளியின் வலு முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கும் கீழே குறையும். ஆனால் அந்த ஒளியில் எழுதப்பட்டிருப்பதில் ஒரு எழுத்தும் குறையாது. செக்கனுக்கு 2.488 கிகாபிட் வேகத்தில் 1490 நானோமீற்றர் அலைநீளத்தில் கீழே வரும் அந்த ஓட்டத்தை முப்பத்திரண்டு வீடுகளும் முழுமையாகப் பெறுகின்றன. ஓட்டத்தில் வரும் ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் 12 பிட்டில் ஒரு எண் இருக்கும். 4,096 எண்கள் சாத்தியம். வீட்டுப் பெட்டி பதிவான நாளில், இந்த எண்கள் உனக்குரியவை என்று நிலையம் அதற்குச் சொல்லிவைத்திருக்கும். தனக்குரிய எண் வந்தால் பெட்டி எடுத்துக்கொள்ளும். மற்ற எண்களை அந்த இடத்திலேயே கைவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். எண்ணைப் பார்த்துக் கைவிடுவது பெட்டியின் ஒழுக்கம் மட்டுமே. ஒழுக்கமில்லாத பெட்டி ஒன்றை, அல்லது வேண்டுமென்றே திருத்திய ஒன்றை, யாராவது அந்தக் கிளையில் மாட்டினால் அது எதையும் கைவிடாது. நியமத்தை எழுதியவர்கள் இதை முன்னரே யோசித்திருந்தார்கள். ஆகவே கீழே வரும் தகவலை ஏஇஎஸ் முறையில், 128 பிட் திறவுகோலால் மறைகுறியாக்க இடம்வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் திறவுகோல். அதுவும் அவ்வப்போது மாறும். திருத்திய பெட்டி அயலவரின் துண்டுகளைப் பிடித்தாலும் அதன் கையில் கிடைப்பது அர்த்தமற்ற பிட்டுகள். தலைப்பு மட்டும் மறைக்கப்படுவதில்லை என்பதால், எந்த எண்ணுக்கு எப்போது எவ்வளவு தகவல் போகிறது என்பதை அது எண்ணிக்கொண்டிருக்கலாம். ஒரு வீட்டில் ஆள் இருக்கிறதா, ஊருக்குப் போய்விட்டார்களா என்று ஊகிக்க அது போதும். மறைகுறியாக்கம் நியமத்தில் இருந்தாலும் அதை இயக்குவதும் விடுவதும் சேவை வழங்கும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. இயக்காமல் விட்டால் ஒழுக்கம் எஞ்சுகிறது, பூட்டு போய்விடுகிறது.

இதைக் கேட்டவுடன் பழைய செப்புக் கம்பியே மேல் என்று தோன்றும். ஏடிஎஸ்எல் காலத்தில் தொலைபேசி நிலையத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சோடிக் கம்பி தனியாக வந்தது. அயல்வீட்டாரின் சோடியும் அதே கேபிளில் அருகருகே ஓடியது உண்மை. ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கசிவது இரைச்சலாகத்தான் போய்ச் சேர்ந்தது. அந்த இரைச்சல் வேகத்தைக் குறைத்ததே தவிர, சாதாரண மோடத்தால் அதிலிருந்து எதையும் வாசிக்க முடியவில்லை. இந்த வாதம் அயலவரை மட்டும் பார்க்கிறது, வீதியைப் பார்க்கவில்லை. கண்டி போன்ற மலைநகரத்தில் ஒரு சோடிக் கம்பி வளைந்து வளைந்து பல கிலோமீற்றர் தூரம் கம்பங்களிலும் வீதியோரப் பெட்டிகளிலும் திறந்து கிடந்தது. மோடத்துக்கும் நிலையத்துக்கும் இடையே மறைகுறியாக்கம் எதுவும் இல்லை. தொலைபேசி உரையாடல் என்றால், அந்தப் பெட்டியைத் திறந்து சரியான சோடியில் ஒரு சோதனைத் தொலைபேசியை மாட்டினால் போதும், முழுவதும் கேட்கும். ஏடிஎஸ்எல் சைகையைப் பிடிப்பது அதைவிடச் சிரமம்தான். ஆனால் அந்தச் சிரமம் கருவியின் விலை சம்பந்தப்பட்டது, திறவுகோல் தேவைப்படவில்லை. தனிக் கம்பி என்பதால் யாரும் பூட்டைப் பற்றி நினைக்கவில்லை. பொது இழை வந்த பிறகுதான், எல்லாருக்கும் எல்லாம் போகிறதே என்ற கவலையில் பூட்டு வந்தது. நெருக்கம் கூடியதால்தான் பிரிப்புக்குக் கணிதத்தை நாட வேண்டியதாயிற்று.

அந்தக் கவலை வராமல் பொதுக் கம்பியில் இறங்கியவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு அமெரிக்காவின் கேபிள் இணையம் சாட்சி. 1990களின் பிற்பகுதியில், தொலைக்காட்சிக் கேபிளில் இணையம் கொடுக்கத் தொடங்கியபோது ஒரு தெருவின் வீடுகள் எல்லாம் ஒரே கேபிளைப் பகிர்ந்தன. தொலைக்காட்சிக்குப் பழகிய கேபிள் அது. எல்லாருக்கும் ஒரே அலைவரிசை போவதில் அதற்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. விண்டோஸ் கணினியில் அருகிலுள்ள கணினிகளைக் காட்டும் சாளரத்தைத் திறந்தவர்களில் பலருக்கு, அயல்வீட்டாரின் பிரிண்டரும் பகிர்ந்து வைத்த கோப்புறைகளும் தெரிந்தன. அலுவலக வலையமைப்பில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும் என்று எழுதிய மென்பொருள், தெருவையே அலுவலகமாக எண்ணிக்கொண்டது. அதன் பிறகுதான் கேபிள் மோடங்களில் வடிகட்டிகளும் மறைகுறியாக்கமும் ஒழுங்காக நடைமுறைக்கு வந்தன. நமது ஊருக்குக் கேபிள் இணையம் பரவலாக வராததால் இந்தப் பாடத்தை வேறு ஊரார் செலவில் படித்துக்கொண்டோம்.

பைபரில் கீழே வரும் திசைக்குப் பூட்டுப் போட்டவர்கள் மேலே போகும் திசையில் என்ன செய்தார்கள் என்பது சுவாரசியமானது. வீடுகளிலிருந்து நிலையத்துக்கு ஒளி 1310 நானோமீற்றரில், செக்கனுக்கு 1.244 கிகாபிட் வேகத்தில் செல்கிறது. 32 கிளைகளும் ஸ்பிளிட்டரில் ஒன்றாகக் கலந்து ஒரே இழையில் ஏறவேண்டும். இரண்டு வீடுகள் ஒரே நேரத்தில் ஒளி விட்டால் இரண்டும் கெட்டுப்போகும். மலையகத்தின் ஒற்றைத் தண்டவாளத்தில் நிலைய அதிபர் கொடுக்கும் டப்லட் வளையம் கைக்கு வராமல் ரயில் அடுத்த பகுதிக்குள் நுழையாது. இங்கேயும் நிலையம் அனுமதி அனுப்பாமல் எந்த வீடும் ஒளி விடாது. செக்கனுக்கு 8,000 தடவை, அதாவது 125 மைக்ரோசெக்கனுக்கு ஒருமுறை, யார் எங்கே தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும் என்ற பட்டியல் கீழே வருகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடிக்குள் ஒளி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோசெக்கன் எடுக்கும். நிலையத்திலிருந்து 1 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு வீடும் 6 கிலோமீற்றர் தூரத்தில் இன்னொன்றும் இருந்தால், அனுமதி போய்ப் பதில் வர இரண்டுக்கும் 50 மைக்ரோசெக்கன் வித்தியாசம். அந்த இடைவெளிக்குள் 62,000 பிட்டுகள் வரை கடந்துவிடும். கண்டியின் வீதிகளில் இது நூலளவு பிசகும் விவகாரம் அல்ல. ஒரு பள்ளத்தின் இருபுறமும் எதிரெதிரே நின்று கையசைக்கக்கூடிய இரண்டு வீடுகளுக்குக் கேபிள் வழியாகப் பல கிலோமீற்றர் வேறுபாடு இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பெட்டியும் முதன்முறை இணையும்போது நிலையம் அதன் தூரத்தை ஒளியால் அளந்து, நீ இத்தனை மைக்ரோசெக்கன் தாமதித்து அனுப்பு என்று கட்டளையிடும். அருகிலுள்ள பெட்டி அதிகம் காத்திருக்கும், தொலைவிலுள்ளது குறைவாக. நிலையத்தின் பார்வையில் எல்லா வீடுகளும் ஒரே தூரத்தில் இருப்பதாகிவிடும்.

நேரத்தால் பிரித்தாகிவிட்டது. இரகசியத்துக்கு என்ன ஏற்பாடு? ஜிபொன் நியமத்தில் மேலே போகும் தகவலுக்கு மறைகுறியாக்கம் இல்லை. ஸ்பிளிட்டர் ஒளியை மேல்நோக்கித்தான் விடும், பக்கத்துக் கிளைக்குத் திருப்பாது, எனவே அயலவரால் அதைப் பார்க்க முடியாது என்பது அதற்குச் சொன்ன காரணம். அந்த நம்பிக்கையில்தான் கீழ்த்திசைப் பூட்டின் திறவுகோலையும் வீட்டுப் பெட்டியே உருவாக்கி, மறைக்காமல், மேல்திசையில் நிலையத்துக்கு அனுப்புகிறது. வீட்டுக்குள் இருந்து கேட்கும் அயலவரைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரி. ஆனால் கம்பத்தில் ஏறியவரைப் பொறுத்தவரை சரியல்ல. கண்ணாடி இழையைச் சற்று வளைத்தால் அதன் வளைவில் சிறிது ஒளி வெளியே கசியும். இழையில் ஒளி ஓடுகிறதா என்று பார்க்கத் தொழில்நுட்பவியலாளர்கள் கொண்டுசெல்லும் கவ்வுக் கருவி இந்தக் கசிவைத்தான் அளக்கிறது; இழையை வெட்டவும் வேண்டாம், இணைப்பைத் துண்டிக்கவும் வேண்டாம். அதைவிட உணர்திறன் கூடிய ஒரு கருவி அந்தக் கசிவை வாசிக்கவும் கூடும். ஒரே நியமத்துக்குள், ஒரே குழுவினர், அயலவருக்குக் கேட்கும் என்று எண்ணிய திசையில் பூட்டையும், கேட்காது என்று எண்ணிய திசையில் வெறும் நம்பிக்கையையும் வைத்தார்கள். என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு தேவையில்லை.

நிலையத்துக்குள் நுழைந்த பிறகு ஒளி போய் மின்சைகை வருகிறது. பிரிக்கும் வேலை எழுத்து வேலையாக மாறுகிறது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் தகவலுக்கும் வீலான் எனப்படும் ஒரு அடையாள எண் ஒட்டப்படும். அந்த எண்ணுக்கும் 12 பிட்தான் இடம். ஒரு நகரத்துக்கே அது போதாது என்பதால் எண்ணுக்கு மேல் இன்னொரு எண் ஒட்டுவதும் உண்டு. ஒரு வாடிக்கையாளரின் இணைப்பிலிருந்து வருவது இன்னொரு வாடிக்கையாளரின் இணைப்புக்கு நேரே திரும்பக் கூடாது. மேலே மட்டுமே போகலாம் என்பது நிலையக் கருவியின் அடிப்படை விதி. எனவே அருகருகே உள்ள இரண்டு வீட்டார் தமக்குள் ஒரு கோப்பை அனுப்பினாலும், அது மதிலைத் தாண்டிப் போகாமல் நிறுவனத்தின் எல்லைக் கருவி வரை ஏறி, அங்கே இவர் யார், கணக்கு உயிருடன் இருக்கிறதா, இந்த முகவரி இவருக்குக் கொடுத்ததுதானா என்ற சோதனைகளைக் கடந்து இறங்கி வருகிறது. சுற்றுவழிதான், ஆனால் அமெரிக்கத் தெருவில் நடந்தது இங்கே நடக்காமல் இருப்பது இந்தச் சுற்றுவழியால்தான். இதற்கு வேண்டுமென்றே வைத்த விதிவிலக்கும் உண்டு. பியோ டிவி போன்ற இணையவழித் தொலைக்காட்சியில் ஒரு கிரிக்கெட் போட்டியை ஒரே ஸ்பிளிட்டரில் பத்து வீடுகள் பார்த்தால் பத்துப் பிரதி அனுப்புவது வீண்செலவு. பொது எண் ஒன்றில் ஒரே பிரதி வரும்; பார்க்கும் பெட்டிகள் எல்லாம் அதை எடுத்துக்கொள்ளும். பிரிப்பதும் சேர்ப்பதும் ஒரே கருவியின் அமைப்புப் பட்டியலில் உள்ள வரிகள். கம்பியில் அதற்கான எல்லைக்கோடு எதுவும் கிடையாது.

அமைப்புப் பட்டியலில் ஒரு வரி தவறினால் என்ன ஆகும் என்பதை ஜேர்மனி 2016 நவம்பரில் பார்த்தது. வீட்டு ரவுட்டர்களைத் தூரத்திலிருந்து பராமரிக்க நிறுவனங்கள் பயன்படுத்தும் ஒரு வாசல் உண்டு. 7547 என்ற இலக்கம் அதற்கு. நிறுவனம் மட்டுமே தட்டும் என்று நம்பி விடப்பட்ட அந்த வாசல் இணையத்தில் யாருக்கும் திறந்திருந்தது. மிராய் குடும்பத்தைச் சேர்ந்த தீநிரல் அதைத் தட்டத் தொடங்கியதும் டொய்ச் டெலிகொம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 9 இலட்சம் பேரின் இணைப்பு குழம்பிப்போனது.

ஹந்தானைச் சரிவிலோ பேராதனைக்கு அப்பாலுள்ள தோட்டப்பகுதியிலோ பைபர் எட்டாத வீட்டில் 4ஜி ரவுட்டர்தான் இணையம். இங்கே பகிர்வுக்கு எல்லையே இல்லை. கம்பியில் 32 வீடுகள் என்றால், காற்றில் அந்தக் கோபுரத்தின் கீழுள்ள எல்லாருக்கும் எல்லாம் கேட்கும். எசல பெரஹராவின் இறுதி இரவுகளில் தலதா வீதியோரம் நிற்கும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான கைத்தொலைபேசிகள் ஒரே காற்றைப் பகிர்கின்றன. கோபுரம் ஒவ்வொரு மில்லிசெக்கனுக்கும் யாருக்கு எந்த அலைவரிசைத் துண்டு என்று பங்கிடுகிறது. ஒவ்வொரு தொலைபேசிக்கும் 16 பிட்டில் ஒரு தற்காலிக எண். அனுப்பியது எல்லார் அன்டெனாவிலும் படுகிறது. யாருக்கும் கேட்கும் என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்த துறை இது. அதனால் 4ஜியில் அடையாளமும் பூட்டும் ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருந்தன. சிம் அட்டைக்குள் உள்ள 128 பிட் இரகசியம் ஒருபோதும் காற்றில் போவதில்லை. அதன் மற்றைய பிரதி நிறுவனத்தின் கணினியில் மட்டும் இருக்கிறது. இரு பக்கமும் அதிலிருந்து அந்தந்த இணைப்புக்கான திறவுகோல்களைத் தனித்தனியே கணித்துக்கொள்கின்றன. இங்கேயும் தவறு நடக்காமலில்லை. ஜேர்மனியின் போஹும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் காட்டிய ரிவோல்ட் தாக்குதல் 4ஜி குரல் அழைப்பைக் குறிவைத்தது. அடுத்தடுத்து வரும் இரண்டு அழைப்புகளுக்குக் கோபுரம் ஒரே மறைப்புத் தொடரை மீண்டும் பாவித்தால், இரண்டாவது அழைப்பை எடுத்துப் பேசுபவர் முதல் அழைப்பைத் திறந்துவிடலாம். நியமம் அப்படி மீண்டும் பாவிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. சில கோபுரங்களின் மென்பொருள் அதைக் கடைப்பிடிக்கவில்லை. பூட்டின் வடிவமைப்பில் குறை இல்லை, பொருத்தியவர்களிடம் இருந்தது. அதனால்தான் கோபுரங்களின் மென்பொருளைத் திருத்தியே அதைச் சரிசெய்ய முடிந்தது.

இரவு எட்டு மணிக்கு இணையம் மந்தமாகிறதே, அப்படியென்றால் அயலவர் தகவலோடு நம் தகவல் கலக்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்பவர்கள் உண்டு. மந்தமாவதற்குக் காரணம் இடம் போதாமை. 2.488 கிகாபிட்டை 32 வீடுகளும் ஒரே நேரத்தில் முழுதாகக் கேட்டால் ஒரு வீட்டுக்கு 77 மெகாபிட் அளவுதான் தேறும். நிலையத்துக்கு மேலே செல்லும் இணைப்புகளிலும் இதே பங்கீடு இன்னும் இறுக்கமாக நடக்கலாம். வரிசை நீளும், உள்ளடக்கம் கலக்காது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அயலவருக்குத் தெரியாமல் போனால் என்ன, நிறுவனத்துக்கு எல்லாம் தெரியுமே? உண்மைதான். இதுவரை சொன்ன பூட்டுகள் எல்லாவற்றிலும் ஒரு திறவுகோல் நிறுவனத்திடம் இருக்கிறது. கண்டி மக்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. மார்ச் 7 முதல் சுமார் ஒரு வாரம் நாடு முழுவதும் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தில் இணையச் சேவையே கட்டுப்படுத்தப்பட்டது. தளத்தின் பெயரைப் பார்த்து ஒன்றை மறிக்க முடிந்தது என்றால், யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது நிறுவனத்துக்குத் தெரிகிறது. ஒரு மாவட்டத்தை மட்டும் குறைக்க முடிந்தது என்றால், ஒவ்வொரு இணைப்பும் எங்கே இருக்கிறது என்பதும் தெரிகிறது. அந்த வாரம் பலர் விபிஎன் செயலிகளுக்கு மாறியது இந்தத் தடையைத் தாண்டத்தான். ஆனால் நிறுவனத்துக்குத் தெரிவது என் வாதத்தை மறுக்கவில்லை. அயலவரிடமிருந்து பிரிப்பதும் நிறுவனத்திடமிருந்து மறைப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதைச் செய்வது எச்டிடிபிஎஸ்: உலாவிக்கும் வங்கிக்கும் இடையே திறவுகோல், நடுவில் இருப்பவர் யாராயினும் உள்ளடக்கம் மூடியபடியே போகும். நடுவில் இருக்கும் எவரையும் நம்பாமல் கட்டியது என்பதால்தான் அது இந்த வரிசையிலேயே உறுதியானது. ஆனாலும் போகும் தளத்தின் பெயர் பெரும்பாலும் இன்னும் வெளியே தெரிகிறது. 2018இல் மறித்தவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

உள்ளே இத்தனை கவனமாகப் பிரித்த வீடுகளை வெளியே போகும் வாசலில் நிறுவனமே மறுபடியும் சேர்த்துவிடுவது ஒரு வேடிக்கை. ஆசிய பசிபிக் பகுதிக்கான பழைய வகை இணைய முகவரிகளின் கையிருப்பு 2011 ஏப்ரலில் வற்றிவிட்டது. அதனால் பல வீடுகளுக்கு உள்முகவரி மட்டும் கொடுத்து, வெளியே ஒரே முகவரியில் அனுப்பும் முறை பரவியது. 100.64 என்று தொடங்கும் முகவரி உங்கள் ரவுட்டரில் தெரிந்தால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வெளியே உள்ள இணையத்தளத்துக்கு நீங்களும் முன்பின் அறியாத பல வீட்டாரும் ஒரே ஆள். ஒருவர் செய்த குற்றத்துக்கு மற்றவரைத் தளங்கள் தடுப்பதும், நீங்கள் மனிதர்தானா என்று அடிக்கடி சோதிப்பதும் இதனால்தான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் யாரையாவது விசாரிக்க வந்தால் முகவரி மட்டும் போதாது. எந்த வாசல் இலக்கம், எந்த நாள், எந்தச் செக்கன் என்பதும் பதிவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சந்தேகம் தவறான வீட்டுக் கதவைத் தட்டும்.

நிறுவனத்தின் பொறுப்பு வெள்ளைப் பெட்டியோடு முடிகிறது. அதற்கு அப்பால் வைஃபை. கண்டியில் அயலவர் தகவல் அயலவருக்குத் தெரியவரும் மிக எளிய வழி இங்கேதான் இருக்கிறது. கம்பத்தில் ஏறவும் வேண்டாம், பெட்டியைத் திருத்தவும் வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள போர்டிங் வீடுகளில் ஒரே ரவுட்டரையும் ஒரே கடவுச்சொல்லையும் அறைக்கு அறை மாணவர்கள் பகிர்ந்துகொள்வது வழமை. டபிள்யுபிஏ2 முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனித் திறவுகோல் உண்டு. ஆனால் அது பொதுக் கடவுச்சொல்லிலிருந்தும், இணையும்போது காற்றில் வெளிப்படையாகப் பரிமாறும் எண்களிலிருந்தும் பிறக்கிறது. கடவுச்சொல் தெரிந்தவர் அந்தப் பரிமாற்றத்தைப் பிடித்தால் அடுத்த அறைக்காரரின் திறவுகோலைக் கணித்துவிடலாம். போதாததற்கு, வீட்டு ரவுட்டர் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று நினைத்து, ஒருவர் கணினியை மற்றவர் பார்க்கத் தாராளமாக விடுகிறது. அதே மாணவர் வளாகத்துக்குள் நுழைந்து எடுரோம் வைஃபையில் இணைந்தால் நிலைமை வேறு. பேராதனை, கொழும்பு, மொரட்டுவைப் பல்கலைக்கழகங்களை இணைத்து வளர்ந்த லேர்ன் வலையமைப்பு இலங்கையில் அதை நடத்துகிறது. அங்கே பொதுக் கடவுச்சொல் கிடையாது. ஒவ்வொருவரும் தமது பெயரிலும் தமது கடவுச்சொல்லிலும் நுழைகிறார்கள். திறவுகோலும் அந்த நுழைவிலிருந்தே பிறக்கிறது. ஒரே தொலைபேசி, ஒரே அன்டெனா, ஒரே பாவனையாளர். வளாகத்தை வடிவமைத்தவர்கள் பக்கத்தில் இருப்பவர் அந்நியர் என்று எடுத்துக்கொண்டார்கள். போர்டிங் வீட்டு ரவுட்டரைச் செய்தவர்கள் உறவினர் என்று எடுத்துக்கொண்டார்கள். 2018இல் அறிமுகமான டபிள்யுபிஏ3 இந்தப் பிழையின் பெரும்பகுதியைத் திருத்துகிறது. இருக்கும் ரவுட்டரில் விருந்தினர் வலையமைப்பைத் தனியாக இயக்கி, கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுக்கும் தெரிவைப் போடுவதற்கு ஐந்து நிமிடமும் செலவாகாது. போர்டிங் வீட்டுக்காரர்கள் இதைச் செய்யாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம், யாரும் கேட்பதில்லை என்பதுதான்.

பைபரின் மேல்திசையில் விட்ட ஓட்டையையும் நியமம் எழுதியவர்கள் மறக்கவில்லை. 2010இல் வந்த ஜி.987 எனும் 10 கிகாபிட் நியமத்தில் இரண்டு திசைகளையும் மறைகுறியாக்கலாம். திறவுகோலும் வெறுமனே போகாமல் இன்னொரு திறவுகோலால் மூடப்பட்டே மேலே போகிறது. அந்த இரண்டாவது திறவுகோல் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், வழமையான ஏற்பாட்டில் அது பெட்டிக்கு நிறுவனம் கொடுக்கும் பதிவு இலக்கத்தையும் பெட்டியின் தொடரிலக்கத்தையும் கொண்டு கணிக்கப்படுகிறது. நிறுவனம் பதிவு இலக்கம் எதையும் கொடுக்காமல் விட்டால், நியமப் புத்தகத்திலேயே அச்சாகியுள்ள ஒரு பொது இலக்கம் அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. தொடரிலக்கமோ பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. கண்டியில் அடுத்த தலைமுறை பைபரை விற்க வருபவரிடம் மாதக் கட்டணத்தையும் வேகத்தையும் கேட்பதோடு, மேல்திசை மறைகுறியாக்கம் இயக்கப்பட்டிருக்கிறதா, பதிவு இலக்கம் வீட்டுக்கு வீடு வேறா என்ற இரண்டையும் கேட்டுக்கொள்வது நல்லது.